செவப்பு வண்டித் தண்ணீர்

எங்கள் அத்தை கல்யாணத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் இன்றைக்குப் பேசினாலும் சாப்பாட்டைச் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பஞ்சத்துலயும் கை கழுவ தண்ணி ஊத்திக்கினே இருந்தாங்கப்பா" என்பார்கள். அதற்கு மறுநாள் நடந்ததும் அவர்களுக்குத் தெரியும். அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, செங்கல்பட்டு சாலையை ஒட்டி அப்போது ஒரு சின்ன விமானத் தளம் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய விமானங்களில் பையன்கள் ஓட்டப் பழகுவார்கள். அங்கே அப்பாதான் தீயணைப்பு வண்டி டிரைவர். எட்டு வருஷத்தில் ஒரு பீடி நெருப்பைக்கூட அவர் அணைத்ததில்லை. காலையில் இன்ஜினை உறும விட்டுப் பார்ப்பார், தொட்டியில் தண்ணீரைப் பார்ப்பார், வண்டியைத் துடைப்பார். வேலை அவ்வளவுதான். டீக்கடையில் அவரைக் கண்டால், "இன்னா அண்ணாத்த, வண்டிய குளிப்பாட்டி முடிச்சிட்டியா?" என்று கேட்பார்கள். அப்பாவும் சிரித்துக்கொள்வார்.

மழை பொய்த்த வருஷம் அது. கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. கல்யாணத்துக்குச் சொல்லி வைத்த டேங்கர் லாரிக்காரர் முந்தின நாள் கையை விரித்துவிட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"சம்பந்தி வூட்டுக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? கை கழுவக்கூட சொட்டு தண்ணி இல்லியே."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எங்கள் தெருவில் தளத்துச் செவப்பு வண்டி வந்து நின்றது. ஞாயிறு லீவு, விமானம் எதுவும் கிளம்பாது. சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் தளத்து போர் பம்பிலிருந்து நிரப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்கு அப்போது ஒன்பது வயது. தெரு முனைவரை என்னை முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனார். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணைவிட அன்று நான்தான் மிதப்பில் இருந்தேன்.

பந்தியில் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா கூப்பிட்டு, தளத்தில் பழகுகிற பையன்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அதில் மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர். தளத்து வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாக்கெட்டில் இருக்கிற பிஸ்கட்டை எடுத்துக் கொடுப்பவர். அவர் கையை நீட்டியதும் சொம்பு நிறைய மொண்டு ஊற்றினேன்.

"போதும் பாப்பா, ஊரே தண்ணிக்கு அலையுது" என்றார்.

"எங்க வூட்டுல எவ்ளோ வேணா கீது" என்று சொல்லி இன்னொரு சொம்பு ஊற்றினேன். அவர் சிரித்துக்கொண்டே கழுவின கையை மறுபடி கழுவினார்.

சாயங்காலம் அப்பா வண்டியைக் கொண்டுபோய் விட்டார். தளத்தில் கரண்டு இல்லை, போர் ஓடவில்லை. காலையில் சீக்கிரம் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மிச்சமிருந்த லட்டைத் தின்றுகொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தால் தளத்துப் பக்கம் கறுப்பாகப் புகை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடுதளத்தின் கோடியில் ஒரு விமானம் மூக்குக் குத்தி விழுந்து எரிந்துகொண்டிருந்தது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஊரே நின்றது. அப்பா குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நெருப்பு கொஞ்சம் அடங்கியது மாதிரி இருந்தது. அப்புறம் குழாய் தொய்ந்து போயிற்று. அதை உதறிப் பார்த்தார். கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி எறிந்தார். செங்கல்பட்டிலிருந்து பெரிய வண்டி வந்தபோது எரிவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஓட்டப் பழக்குகிற சாரும் மதுரைக்கார அண்ணனும் அந்த விமானத்துக்குள் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்தார். வாசலில் கட்டிய வாழை மரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை, இலை பழுத்துத் தொங்கியது. அம்மா எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள்: யார் கேட்டாலும் லாரித் தண்ணி. அதிகாரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கல்யாணத்துக்குத் தண்ணி எப்படிம்மா கிடைச்சுது?" என்று அன்பாகக் கேட்டார்.

நான் பிரமாதமாகச் சொன்னேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த லாரி, பச்சை கலர், டிரைவருக்குப் பெரிய மீசை, எனக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது.

அப்பா வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொய் சொல்லுது சார். எங்க வண்டித் தண்ணிதான். காலைல போர்ல தண்ணி ஏறிக்கினு இருக்கச்சொல்லோ, பிளேன கிளப்பலாமா, வண்டி ரெடியான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. கால் தொட்டிகூட ஏறல. ரெடின்னு சொல்ட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "தண்ணி முழுசா இருந்திருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாங்க. விழுந்த வேகத்துலயே போயிருப்பாங்க" என்றார்.

"இல்ல சார். ஒரு கை ஆடிச்சு. கண்ணாடிய தட்டிச்சு. நான் பார்த்தேன்."

அப்பாவுக்கு வேலை போயிற்று. கேஸ் இரண்டு வருஷம் நடந்தது. பிறகு மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குக் கல் ஏற்றும் லாரி ஓட்டினார். நான் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. அவ்வளவு அழகாகச் சொன்னதை வெளியாள் முன்னால் பொய் என்று போட்டு உடைத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அவரும் சமாதானம் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்தால் என்னைச் சொம்பைத் தொட விடாமல், தானே கொஞ்சமாக ஊற்றிக் கழுவிக்கொள்வார். என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கை ஆடிச்சு என்று அவர் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. அது யாருடைய கை என்று நான் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை. போதும் பாப்பா என்று சொன்ன பிறகும் அந்தக் கையில்தான் நான் இன்னொரு சொம்பு ஊற்றியிருந்தேன்.