அக்காவின் படகில் ஏறுவதற்கு முன்

என் அக்கா ஆசைப்பட்டுக் கடலுக்குப் போனவள் இல்லை. அழுதுகொண்டே போனவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது சொந்தக்காரர்கள் எல்லாரும், "அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கொஞ்சம் கிறுக்குதான்" என்று கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள். கிறுக்கு அவளுக்கு இல்லை. அத்தானுக்கு.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த காலம் முழுக்க மேலேயும் கீழேயுமாகவே போய்க்கொண்டிருந்த மனுஷனுக்கு, ஓய்வு பெற்றதும் நேராக எங்கேயாவது போகவேண்டும் என்று தோன்றிவிட்டது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டு வந்து நின்றார். அக்கா அப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். கடையும் போச்சு, வீடும் போச்சு. தையல் மெஷினை மட்டும் விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினாள். எங்கள் வீட்டுக் குளியலறையை நீளவாக்கில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது அவள் புது வீடு.

முதல் வருஷம் ஃபோன் வந்தால் பாதி வாந்திக் கதை, பாதி அழுகை. வெங்காயம் வலைப் பையில் தொங்குகிறதாம். குளிப்பதற்கு ஒரு வாளி, அதற்குமேல் கேட்டால் அத்தான் முறைக்கிறாராம். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சட்டியை நேராகவே வைத்திருக்கிற அடுப்பு ஒன்று உள்ளே உண்டு. "அந்த அடுப்புக்கு இருக்கிற புத்திகூட உங்க அத்தானுக்கு இல்லடீ" என்பாள்.

அப்புறம் ஒரு புயலில் பாய் கிழிந்தது. அக்கா அதைத் தன் மெஷினில் போட்டுத் தைத்தாள். பக்கத்துப் படகுக்காரர் பார்த்துவிட்டுத் தன் பாயையும் கொண்டுவந்தார். அடுத்த துறைமுகத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். பாய், மெத்தை உறை, மழைத் துணி என்று போகிற இடமெல்லாம் தையல் வேலை. அவள் குரல் மாறியதை நான்தான் முதலில் கவனித்தேன். வாந்தி நின்றது. திட்டுவது நிற்கவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டு திட்டினாள். ஒருமுறை என் வீட்டில் வந்து தங்கியவள் விடிய விடியப் புரண்டாள். என்னவென்று கேட்டேன். "கட்டில் அசையவே மாட்டேங்குதுடீ" என்றாள்.

இப்படி ஒன்பது வருஷம் ஓடியபிறகு அத்தானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடலும் அலுத்துவிட்டது. அலுப்பது தப்பில்லை. ஆனால் மனுஷன் என்ன செய்தார்? மறுபடியும் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"லிஃப்ட் இருக்கு" என்றார், அதுதான் அவளுக்குக் குறை என்பதுபோல.

"நீங்க போங்க. நான் வரல" என்றாள் அக்கா.

படகு அவர் பேரில் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஒரு பல் டாக்டரையும் பிடித்து வைத்திருந்தார். அக்காவுக்குப் புத்தி சொல்ல என்னை வரவழைத்தார். நானும் பெட்டியோடு போய் இறங்கினேன். உள்ளே நுழையும்போதே தலையை இடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அத்தான்தான் பேசினார்.

"நீயே சொல்லும்மா. இவ தனியா என்ன பண்ணுவா? கடல்ல ஓட்டிடுவா, அது எனக்கும் தெரியும். கரையில கொண்டுவந்து கட்ட வேணாமா? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது இவ கட்டியிருக்காளா? சுக்கான் என் கையில, கயிறு இவ கையில. அவ்வளவுதான்."

அது நிஜம். படகு வைத்திருப்பவர்களுக்கு நடுக்கடல் பெரிய பயம் இல்லை. பத்தடி தூரத்தில் துறைமேடை இருக்கும்போது, எல்லாரும் வேடிக்கை பார்க்கும்போது, காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, இடிக்காமல் ஒட்டி நிறுத்துவதுதான் பயம்.

"கட்டிக் காட்டினா?" என்றாள் அக்கா.

"யார் உதவியும் இல்லாமலா?"

"ஆமா."

"காட்டு. படகு உன் பேர்ல. இல்லன்னா சாவி டாக்டருக்கு. சத்தியம்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தி சொல்ல வந்ததை அந்த நிமிஷமே மறந்தேன்.

மறுநாள் காற்று மேடையிலிருந்து கடல் பக்கமாக அடித்தது. படகை ஒட்டவே விடாத காற்று. அத்தான் மேடையில் இறங்கி டாக்டர் பக்கத்தில் நின்றார். படகுகளிலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. நான் அக்காவோடு இருந்தேன்.

"தங்கச்சி கூட இருக்காளே, அது தனியாவா?" என்று அத்தான் கத்தினார்.

"அவளுக்கு நீச்சலே தெரியாது. சாமான்ல சேத்துக்கோங்க!" என்று அக்கா பதிலுக்குக் கத்தினாள்.

சாமான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

படகை வெளியே கொண்டுபோய்த் திருப்பினாள். மெதுவாக, சாய்வாக, மேடையை நோக்கி வந்தாள். "உங்க அத்தான் வீடு பாக்கப் போன நாளெல்லாம் இதைத்தான் பழகினேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். படகின் நடுப்பக்கத்தில் ஒரு கயிறு வைத்திருந்தாள். அதை மேடையிலுள்ள இரும்புக் கொம்பில் மாட்டிவிட்டு, மோட்டாரை மெல்ல முன்னோக்கி ஓடவிட்டால், படகு தானாகவே மேடையோடு ஒட்டிக்கொண்டு நிற்குமாம். ஒரு ஆளே போதுமாம். சுருக்கைக் கையில் எடுத்து எட்டிக் குனிந்தாள்.

அப்போது அத்தான் ஓடிவந்தார். முன்பக்கம் கம்பியில் தொங்கிய கயிற்றைப் பாய்ந்து பிடித்தார். பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தார்.

"விடுங்க! கயித்த விடுங்க!"

முன்பக்கம் மேடை மூலையில் மோதி உரசியது. பின்பக்கம் வெளியே சுழன்று போனது. உதவி செய்ய வருகிறவர்கள் கயிற்றை இழுக்கவே கூடாது என்று ஒன்பது வருஷமாக எத்தனையோ பேரிடம் அத்தானே கத்தியிருக்கிறார். வேண்டுமென்று செய்தாரா, கை பரபரத்துச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"உதவிதானே பண்ணேன்!" என்றார்.

"நான் கேட்டேனா?" என்றாள் அக்கா.

டாக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இடிச்சாச்சு இல்ல? முடிஞ்சுது. இறங்கு" என்றார் அத்தான்.

"முடியல."

படகைப் பின்னால் எடுத்தாள். கயிறு அத்தான் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. நன்றாகத் தள்ளிப் போனதும் மோட்டாரை நிறுத்திவிட்டு முன்பக்கம் நடந்தாள். அந்தக் கயிற்றை அவிழ்த்தாள். பின்பக்கத்துக் கயிற்றையும் அவிழ்த்தாள். இரண்டையும் சுருட்டி என் மடியில் போட்டாள். "யார் கேட்டாலும் குடுக்காத" என்றாள். இனி வெளியிலிருந்து பிடித்து இழுப்பதற்கு அந்தப் படகில் எதுவுமே தொங்கவில்லை.

காற்று முன்னைவிட ஏறியிருந்தது. சொல்லத் தெரிந்த சாமிகளையெல்லாம் நான் கூப்பிட்டுவிட்டேன். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. மோட்டாரை மறுபடி கிளப்பி, அதே சாய்வில், அதேபோல மெதுவாக வந்தாள். குனிந்தாள். சுருக்கு கொம்பில் விழுந்தது. திரும்பி வந்து சுக்கானைத் திருப்பி, மோட்டாரை மெல்ல முன்னோக்கி ஓடவிட்டாள். கயிறு விறைத்தது. படகு பக்கவாட்டில் நகர்ந்து, அலுங்காமல் மேடையோடு வந்து ஒட்டியது. காற்று தள்ளிப் பார்த்தது. படகு அசையவில்லை.

அக்கா என் மடியிலிருந்து கயிறுகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏதோ துணி உலர்த்துகிறவள்போல அவசரமே இல்லாமல் முன்னும் பின்னும் கட்டினாள். பக்கத்துப் படகில் யாரோ கைதட்டினார்கள். டாக்டர், "வர்றேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவள் மறுபடி ஏறி மோட்டாரை அணைத்தாள்.

அத்தான் முகம் தொங்கிப்போயிருந்தது. மெல்ல வந்து, வழக்கம்போல ஒரு காலைத் தூக்கிப் படகில் வைக்கப் போனார்.

"கேட்டுட்டு ஏறுங்க" என்றாள் அக்கா.

யார் படகிலும் கேட்காமல் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே எல்லாரும் மதிக்கிற வழக்கம். எனக்கே வந்த அன்று அதைச் சொல்லிக்கொடுத்தவர் அத்தான்தான். தூக்கிய கால் அப்படியே நின்றது. அப்புறம் கீழே இறங்கியது. சுற்றி அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படகையும் ஒரு ஃபிளாட்டையும் அவளைக் கேட்காமலே வாங்கிய மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உள்ள வரலாமா?"

அக்கா கைப்பிடியில் இருந்த உப்பைத் துணியால் ஒருமுறை துடைத்தாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"காபி குடிச்சிட்டு இறங்கிடணும். காத்து மாறினதும் நான் கிளம்பறேன்" என்றாள். "செருப்ப அங்கயே விடுங்க."

அத்தான் குனிந்து செருப்பைக் கழற்றினார்.