பாலமா, புகைபோக்கியா?

"ஜன்னல் பக்கம் போய்ப் பாத்துச் சொல்லுங்கம்மா. பாலம் தெரியுதா, புகைபோக்கி தெரியுதா?"

அக்கா கேட்கும்போதே அவருடைய இடது கை ஆம்புலன்ஸ் டிரைவருக்கு மணியடிக்கத் தயாராக நிற்கிறது. அவசர அழைப்பு அறையில் பத்தொன்பது வருடம். டிரைவர்களுக்கும் அக்காதான், தலை நரைத்த டாக்டருக்கும் அக்காதான்.

கேள்விக்குக் காரணம் உண்டு. ஒரு தலைவர் செல்வாக்கோடு இருந்த காலத்தில் இரண்டு ஊர்களின் பழைய பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரையே வைத்தார்கள். ஒன்றில் ரயில் பாலம், மற்றதில் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. ஆட்சி மாறியதும் சிலையோடு பெயரும் இறங்கியது. இரண்டுக்கும் வேறு வேறு புதுப் பெயர் வந்தது. கம்ப்யூட்டருக்குப் புதுப் பெயர் மட்டும்தான் தெரியும். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்பவர் வாயில் சின்ன வயதில் பழகிய பெயர்தானே வரும்? அக்கா திருத்த மாட்டார். அவர்கள் சொன்ன பெயரையே திருப்பிச் சொல்வார். "பதறிப்போய் நிக்கிறவங்களுக்குப் பாடமா எடுக்க முடியும்?" புருஷனுக்கே மூன்று செல்லப்பெயர் வைத்திருப்பவருக்கு ஊருக்கு மூன்று பெயர் ஒரு பாரமா என்று டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள்.

புதிதாக வந்த மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. தலைவர் பெயரைச் சொல்லி அழைப்பவர்களை ஒரு பதிவேட்டில் எழுதி மாதாமாதம் தன்னிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், தவறினால் வேலை போய்விடும் என்று உத்தரவு போட்டார். பதிவேடு வந்தது. அக்கா அதன் மேல் டீக் கோப்பையை வைத்தார்.

"ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க, பயம் இல்லாம இருக்குமா? அதுக்காக உயிருக்குப் போராடறவங்களைக் காட்டிக் குடுக்கறதா?"

இந்தத் துணிச்சலைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

போன மாதம் ஒரு மதியம், லீவில் சொந்த ஊருக்குப் போயிருந்த அந்த மேலதிகாரியே அழைத்தார். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், பேச்சு குழறுகிறது. எந்த ஊர் என்றதும் தலைவர் பெயரைத்தான் சொன்னார்.

"பாலமா சார், புகைபோக்கியா?"

"பாலம்... பாலம்மா!"

அவர் சொன்ன அதே பெயரைச் சொல்லி, "வண்டி கிளம்பிடுச்சு சார். அப்பாவை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றார் அக்கா. எட்டாவது நிமிடம் வண்டி வாசலில் நின்றது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் மேலதிகாரி வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"எத்தனை பேரை எழுதியிருக்கீங்க... அக்கா?"

"ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லலையே சார்."

அக்கா கோப்பையை நகர்த்தினார். பதிவேட்டின் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்து, தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.