வலது பக்க இருக்கை

விமானத்தைக் கட்டியவன் நான். ஓட்டத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. என் பட்டறையில் எத்தனையோ அறுவடை இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூட வயலில் இறக்கி ஓட்டியதில்லை.

பட்டறை சங்கரன்கோவிலில், புளியங்குடி ரோட்டில் இருக்கிறது. பம்புசெட், ஜெனரேட்டர், டிராக்டர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இந்த ஆசை வந்தது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியான பதில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரைபடங்களை வரவழைத்து, அலுமினியக் குழாய்களை அளந்து அறுத்து, துளையிட்டு, இணைத்து முடிக்க நான்கு வருடம் ஆனது. இறக்கைத் துணியைத் தைத்துக் கொடுத்தவர் தேரடிப் பக்கம் கடை வைத்திருக்கும் டெய்லர். பள்ளிக்கூட யூனிபாரம் தைத்து முடித்த பிறகுதான் அதில் கை வைத்தார். விமானத்தில் இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். இன்ஜின் தலைக்குப் பின்னால் இருக்கும். டெல்லியிலிருந்து அனுமதிக் கடிதம் வருவதற்கு, கட்டுவதற்கு ஆனதைப் போல் பாதிக் காலம் ஆனது.

என் மனைவி கணக்கு டீச்சர். மேலநீலிதநல்லூர்ப் பள்ளியில் வேலை. நான்கு வருடமும் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்று மட்டும், "ஏறுததுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லாதீங்க. எறங்கின பொறவு சொல்லுங்க, போதும்" என்றாள். அப்படியே செய்தேன்.

ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தது தற்செயலாகத்தான். கடையநல்லூர் பாய் ஒருவர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்திருந்தார். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பட்டறையின் பின்பக்கம் இறக்கை தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார்.

"நெசமாவே பறக்குமா?" என்றார்.

"பறக்கும் பாய். ஓட்டத்தான் ஆள் இல்ல."

"எம்மவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்றார் அவர்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. வெளிநாட்டில் படித்து, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற உரிமமும் வாங்கியிருந்தாள். ஏதாவது ஒரு விமானக் கம்பெனியிலிருந்து அழைப்பு வரும் என்று எட்டு மாதமாக வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். மறுநாளே தகப்பனாரோடு வந்தாள். விமானத்தை ஒருமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் அசைத்துப் பார்த்தாள். கடைசியில், "மொதல்ல நான் ஒத்தையில ஓட்டிப் பாக்கேன் அண்ணாச்சி. பொறவு உங்களுக்குச் சொல்லித் தாரேன்" என்றாள்.

ஓடுதளம் குருவிகுளம் போகும் வழியில், என் மச்சானுடைய தரிசு நிலம். சரள் மண். ரோடு போடுகிறவர்களிடம் ரோலர் வாங்கி உருட்டி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வைகாசி பிறந்துவிட்டால் மேற்கே கணவாயிலிருந்து காற்று இறங்கிவிடும். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். அந்தக் காற்றில் இந்த மாதிரிச் சின்ன விமானம் தாக்குப்பிடிக்காது. ஆகவே தையிலிருந்து சித்திரை வரைக்கும், அதுவும் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பறந்து முடித்துவிட வேண்டும்.

அவள் முதலில் தனியாக ஏறிய காலை நான் ஓரத்தில் நின்றேன். நான் போட்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. நான்கு சுற்று சுற்றிவிட்டு இறங்கினாள். "இடது பக்கம் கொஞ்சம் இழுக்கு. மத்தபடி நல்லாத்தான் கட்டிருக்கீங்க" என்றாள். பாய் காரிலேயே உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து எனக்குப் பாடம். அவள் வலது பக்கம், நான் இடது பக்கம். நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. காலுக்குக் கீழே இருக்கும் மிதிகளில் வலதை அழுத்தினால் வலது பக்கம் திரும்பும். முப்பது வருடம் பைக் ஓட்டியவனுக்கு அது தலைகீழ். ஹேண்டில்பாரில் வலதைத் தள்ளினால் வண்டி இடது பக்கம் அல்லவா போகும்? தரையில் நேராக ஓட்டவே ஒரு வாரம் பிடித்தது. மேலே போன பிறகு வேறொரு கோளாறு. இன்ஜின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் என் கவனம் பின்னால் போய்விடும். அதற்குள் விமானத்தின் மூக்கு மேலே ஏறியிருக்கும், வேகம் குறைந்திருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க காதால ஓட்டுதீங்க" என்றாள் ஒருநாள். "கண்ணால ஓட்டுங்க. முன்னால பாருங்க."

தரையிறங்குவது வரவே இல்லை. தரை நெருங்கும்போது, விமானத்தை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை மெதுவாக இழுத்து, மூக்கைத் தூக்கிப் பிடித்து, பின்சக்கரங்களில் உட்கார வைக்க வேண்டும். நான் ஒன்று ஆளுயரத்திலேயே இழுத்துத் தொப்பென்று விழவைப்பேன், அல்லது இழுக்கவே மறந்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில் அவள் கை வந்து காப்பாற்றும். இருபது வயது குறைந்த பெண்ணிடம் திட்டு வாங்குவது எனக்கு ஒன்றும் சங்கடமாக இல்லை. அவள் திட்டாமல் பெருமூச்சு விட்டபோதுதான் சங்கடமாக இருந்தது.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் தினமும் மந்தையை ஓடுதளத்துக்குக் குறுக்கே ஓட்டிப் போவார். அவருக்காகக் காத்திருப்போம். ஒருநாள் நின்று கேட்டார்.

"இது எங்கன வரைக்கும் போவும் வே?"

"எங்கயும் போவாது. ஒரு சுத்து சுத்திட்டு இங்கனயே எறங்கும்."

"பொறவு எதுக்கு?"

நான் பதில் யோசிப்பதற்குள் ஆடுகள் கடந்துவிட்டன.

மாசி முடியும் நேரம் அது நடந்தது. அன்று பாய் மகளைக் கூட்டிக்கொண்டு வரத் தாமதமாகிவிட்டது. வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினோம். மூன்றாவது சுற்றில், ஓடுதளத்துக்கு வடக்கே திரும்பிக்கொண்டிருந்தபோது இன்ஜின் இரண்டு முறை விக்கியது. பிறகு நின்றுவிட்டது. அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாதது. இறக்கைக் கம்பிகளில் காற்று விசிலடிப்பது முதன்முறையாகக் காதில் விழுந்தது.

நான் செய்தது இதுதான்: இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முன்னும் பின்னும் தள்ளினேன். பெட்ரோல் வால்வைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். பட்டறையில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பட்டறை தரையில் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை.

"என் கையில குடுங்க" என்றாள்.

நான் ஸ்டிக்கை விடவில்லை. விடக்கூடாது என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. கை விடவில்லை, அவ்வளவுதான். அவள் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டாள். விட்டுவிட்டேன்.

மூக்கை இறக்கினாள். ஓடுதளம் பின்னால் போய்விட்டது. அறுத்து முடித்த மக்காச்சோளக் காடு ஒன்று முன்னால் தெரிந்தது. மின்கம்பியைத் தாண்டி, வரப்புக்கு முன்னால் தட்டைக் கட்டைகளின் மேல் இறங்கினோம். சடசடவென்று சத்தம். முன்சக்கரக் கால் மடங்கி, மூக்கு மண்ணில் ஊன்றி நின்றது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

காட்டுக்காரப் பெண்மணி அரிவாளோடு ஓடிவந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. அவளையே மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீயா இத ஓட்டுன?" என்றார்.

"இல்ல பெரியம்மா. அவுக ஓட்டுனாக, நான் எறக்குனேன்."

பெரியம்மா அதற்குப் பிறகு அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எனக்கும் மிச்சம் கிடைத்தது. பாய் ஓடிவந்தார். மகளின் தலையை ஒருமுறை தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்துப் பண்ணுங்க அண்ணாச்சி" என்றார். அதை அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிராக்டர் டிரெய்லரில் விமானத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அன்று சாயங்காலமே காரணத்தைக் கண்டுபிடித்தேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். வரைபடத்தில் அது இடது பக்கமாகச் சுற்றிப் போகும். வீண் சுற்று என்று நினைத்து நான் குறுக்கே கொண்டுபோயிருந்தேன். சைலன்சர் சூட்டில் ரப்பர் இளகி, வளைவில் மடிந்து, பெட்ரோல் வழியை அடைத்துவிட்டது. காலைக் குளிரில் ஓட்டியவரைக்கும் அது தாங்கியது. வெயில் ஏறிய அன்று தாங்கவில்லை.

இரண்டு நாள் அவளுக்கு ஃபோன் செய்யவில்லை. பெட்ரோலில் தூசி என்று சொல்லலாம். யாரும் மறுத்துச் சொல்ல முடியாது. பழுது பார்க்கிற தொழிலில் அந்த மாதிரிப் பதில்கள் எப்போதும் கையில் இருக்கும். இரண்டு நாளும் அதைச் சொல்லிப் பழகிப் பார்த்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. மூன்றாம் நாள் அவளே வந்துவிட்டாள். ஹோஸைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"இது நான் மாத்துனது" என்றேன்.

அவள் அதைக் கையில் எடுத்து மடிந்த இடத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "இது மாதிரி இன்னும் எத்தன எடத்துல மாத்திருக்கீங்க?"

அலமாரியிலிருந்து வரைபடங்களை எடுத்தேன்.

"இதுல மொதல்ல ஒத்தையில ஏறுனது நான் அண்ணாச்சி" என்றாள். குரல் உயரவில்லை. "எங்கிட்ட அன்னைக்கே சொல்லிருக்கணும்லா?"

"சொல்லிருக்கணும்" என்றேன்.

அன்று வரைபடங்களைத் தரையில் விரித்து, விமானத்தின் வாலிலிருந்து மூக்கு வரைக்கும் இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பதினோரு இடங்களில் நான் என் புத்தியைக் காட்டியிருந்தேன். மூன்றை அவள் ஒத்துக்கொண்டாள். அதில் ஒன்று நல்ல யோசனை என்றுகூடச் சொன்னாள். ஹோஸ் உட்பட மற்ற எட்டையும் வரைபடத்தில் இருந்தபடியே மாற்றினேன். முன்சக்கரக் காலைப் புதிதாகச் செய்தேன். அதற்குள் பங்குனி பாதி போய்விட்டது.

மறுபடி பறக்கத் தொடங்கியபோது ஒன்று மாறியிருந்தது. சத்தத்தை நான் தேடவில்லை. இன்ஜின் நின்றால் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டதாலா, நின்ற காரணம் தெரிந்துவிட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கே இறங்கலாம் என்று எப்போதும் ஒரு காட்டைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அப்படிக் கீழே பார்த்துப் பார்த்தே, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபட்டது. ஒருநாள் நான்கு தடவை இறக்கினேன். நான்கிலும் அவள் கை மடியைவிட்டு எழவில்லை.

சித்திரையில் அவளுக்கு அழைப்பு வந்தது. பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். அந்த வாரமே ஒரு காலையில், இரண்டு சுற்று முடிந்ததும், ஓடுதளத்தின் கோடியில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். காலியான இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டி, அது ஸ்டிக்கில் சிக்காது என்று உறுதி செய்துகொண்டாள்.

"மூணு சுத்து. நான் செவப்புத் துணிய ஆட்டினா எறங்காம மேல போயிருங்க. ஒண்ணும் ஆட்டலேன்னா நீங்களே பாத்துக்கிடுங்க."

அவள் எடை இல்லாததால் விமானம் நான் நினைத்ததற்கு முன்பே தரையை விட்டது. வழக்கமாகத் திரும்புகிற இடம் வருவதற்குள் உயரம் வந்துவிட்டது. கொஞ்சம் குழம்பினேன். தூரத்தில் கோமதி அம்மன் கோவில் கோபுரம், தண்டவாளம், தறிக்கொட்டகைகளின் கூரைகள், மேற்கே மலை. பெரிதாக ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தேன். தோன்றவில்லை. வலது பக்கம் திரும்பி எதையோ சொல்லப் போனேன், அங்கே ஆள் இல்லை. அது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

முதல் தடவை நன்றாகவே இறங்கினேன். இரண்டாவது தடவை, தரை நெருங்கும் நேரத்தில் வேலி ஓரத்திலிருந்து ஒரு மயில் ஓடுதளத்தின் நடுவுக்கு வந்து நின்றது. அவளைப் பார்த்தேன். துணி அசையவில்லை. திராட்டிலைத் திறந்து மேலே போய்விட்டேன். அடுத்த சுற்றில் மயில் இல்லை. இறங்கினேன். இன்ஜினை நிறுத்தியபோதுதான் முதுகு முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது.

"ரெண்டாவதுல நான் மயிலப் பாத்துட்டேன். நீங்க என்ன செய்யுதீங்கன்னு பாக்கதுக்குத்தான் ஆட்டல" என்றாள்.

"நான் பாக்காம போயிருந்தா?"

"அப்ப ஆட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு என் பயிற்சி நோட்டில் கையெழுத்துப் போட்டாள்.

அவள் போன பிறகு வைகாசிக் காற்று வந்தது. இறக்கைகளைக் கழற்றிப் பட்டறையில் தொங்கவிட்டேன். அடுத்த தையில் தனியாகப் பறந்தேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஏறினேன், சுற்றினேன், இறங்கினேன்.

அந்த மாசியில் அவள் நான்கு நாள் லீவில் வந்திருந்தாள். பெரிய விமானத்தில் துணை விமானி. முந்தின நாள்தான் வேலை முடித்து, பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "ஓட்டுதியாம்மா?" என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி, நீங்க ஓட்டுங்க, நான் சும்மா உக்காந்து வாரேன்" என்று வலது பக்கம் ஏறிக்கொண்டாள்.

காற்று அசையாத காலை. ஐந்நூறு அடி உயரத்தில் மேலநீலிதநல்லூர்ப் பக்கமாகத் திரும்பியபோது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுப்பவில்லை. வடக்கே கூடுதலாக ஒரு சுற்றுப் போனேன். இறங்கும்போது சக்கரம் மண்ணில் உருள ஆரம்பித்த பிறகுதான் கண் விழித்தாள்.

"எறங்கியாச்சா?" என்றாள்.

"எறங்கியாச்சு" என்றேன்.