அக்கா அமுக்கிப் பார்க்காத ட்யூப் இல்லை

எங்கள் அக்கா யார் வீட்டுக்குப் போனாலும், கை கழுவப் போன இடத்தில் கொஞ்ச நேரம் காணாமல் போய்விடுவாள். அங்கே இருக்கும் பற்பசை ட்யூபை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வருகிற குடும்பமா, நடுவயிற்றில் அமுக்குகிற குடும்பமா என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். நடுவில் அமுக்குகிறவர்களை அவள் ஒருநாளும் நம்ப மாட்டாள். நான் நடுவில் அமுக்குகிறவள்.

பொழுதுபோகாமல் செய்கிற வேலை இல்லை இது. ட்யூப் தயாரிக்கும் தொழிற்சாலையில் சாம்பிள் அறை அவளுடைய ராஜ்யம். நான் அதே இடத்தில் பேக்கிங் பிரிவு. களிம்பு, சாயம், பசை, எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அதை எந்த ட்யூபில் அடைக்கலாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் அமுக்கச் சுலபம், ஆனால் விட்டதும் பழையபடி உப்பிக்கொண்டு காற்றை உள்ளே இழுக்கும். அலுமினியம் அமுக்கினால் அமுங்கினபடியே கிடக்கும், காற்றையும் விடாது, ஆவியையும் விடாது. பிளாஸ்டிக்குக்கு நடுவே அலுமினியத் தாளை வைத்து ஒட்டிய லேமினேட் இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே எல்லோருக்கும் அவள் ‘அமுக்கு அக்கா’. கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதில்லை, பெருமையாகத் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் வீட்டுக்காரர், என் மாமா, வீட்டு முன்னறையிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். போன வருஷம் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இரண்டு கை விரல்களிலும் பிடியைத் தளர்த்திவிட்டுப் போனது. தோள் இருந்தது, உள்ளங்கையில் பலம் இருந்தது. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உள்ளங்கையால் லிவரை அழுத்தி டயரைக் கழற்றிவிடுவார். ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். ஒட்டுப்போடும் பசையில் வந்து வேலை நின்றுவிடும். டப்பாப் பசைக்கு பிரஷ் பிடிக்க வேண்டும், ட்யூப் பசையை விரலால் பிதுக்க வேண்டும். இரண்டும் முடியாமல் கடையை மூடி, மாதக் கடைசியில் சாவியை வாங்கிக்கொள்ள ஓர் ஆளையும் பேசி வைத்துவிட்டார்.

இதைவிட மாமாவின் மனசை அறுத்த விஷயம் வேறொன்று. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற அக்கா, அவர் படுத்த நாளிலிருந்து அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. காபியைக் கொட்டினால் சத்தமில்லாமல் துடைத்தாள்.

“உங்க அக்கா என்னை விருந்தாளி மாதிரி நடத்துறாம்மா” என்றார் என்னிடம். “திட்டக்கூட லாயக்கில்லாதவனாப் போயிட்டேன் போல.”

நான் இதை அக்காவிடம் சொன்னேன். முகம் சுருங்கிப் போனது. அடுத்த நாள் பை நிறைய காலி ட்யூப்களோடு வந்தாள்.

“கடையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். இது என் வேலை, நான் பாத்துக்கறேன்” என்றாள்.

முதலில் மெத்தென்ற பிளாஸ்டிக். டப்பாவிலிருந்து பசையை அடிப்பக்கமாக அடைத்து, இஸ்திரிப் பெட்டியால் வாலை ஒட்டி பீரோவில் வைத்தாள். வாரம் முடிவதற்குள் ட்யூப் கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. ஆவியெல்லாம் பிளாஸ்டிக் வழியே வெளியேறி, உள்ளே பசை மென்று துப்பிய சூயிங் கம்மாக இருந்தது. துணியெல்லாம் பஞ்சர் கடை வாசனை.

“இது தெரியாதா உனக்கு? ஊருக்கெல்லாம் சொல்றவ!” என்றேன்.

“தெரியும்டி. அவருக்குச் சுலபமா இருக்கணுமேங்கற அவசரத்துல புத்தி வேலை செய்யல.”

லேமினேட் இன்னும் மோசம். உட்பக்கப் பிளாஸ்டிக்கைப் பசை தின்று, ஏடு ஏடாகப் பிரித்துவிட்டது. சாமர்த்தியக்காரிக்கு இரண்டாவது தடவையும் மூக்குடைந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் மாதக் கடைசி நெருங்க நெருங்கப் பயமும் வந்தது.

அன்று சாயங்காலம் மாமா மாவு பிசைந்துகொண்டிருந்தார். விரலை மடக்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துவார், கொஞ்சம் ஓய்வெடுப்பார், மறுபடி அழுத்துவார். அக்கா வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவர் விட்டு விட்டுத்தான் அழுத்துவார். பிளாஸ்டிக்கா இருந்தா ஒவ்வொரு தடவையும் எழும்பி நிக்கும், முதல்லேர்ந்து அழுத்தணும். அலுமினியம் அப்படி இல்ல. அவர் அழுத்தினது அழுத்தினபடி இருக்கும். நான் ஒரு மக்கு!”

“கடையில விக்கற அலுமினிய ட்யூபைத்தான் அவரால அமுக்க முடியலையே?”

“அதோட வாய் ஊசி மாதிரி. பெயின்ட் வேற மேல ஏறி விறைச்சுக்கிட்டு நிக்குது. வாய் அகலமா, பெயின்ட் அடிக்காதது நம்மகிட்டயே இருக்குடி.”

உலோகத்தைச் சூடாக்கி இளக்குகிற சூளையிலிருந்து வெளிவந்து இன்னும் பெயின்ட் ஏறாத அலுமினிய ட்யூப், ஈரத்துணி மாதிரி மடங்கும். அதில் கட்டைவிரல் நுழைகிற வாய் உள்ளதாக நாலைந்து எடுத்துவந்தாள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள். கேட்டாள் என்று சொல்ல முடியாது. பசையை அடைத்து, வாலைக் குறடால் மடித்து மடித்து இறுக்கினாள். உள்ளங்கையால் உருட்டித் திறக்கிற மாதிரி அகலமான மூடி போட்டாள். வாரம் போயும் பசை அப்படியே இளக்கமாக இருந்தது.

சாவி வாங்க ஆள் வருவதற்கு முந்தின நாள், கடைக் கதவைத் திறந்து என் சைக்கிளை உள்ளே தள்ளினாள். டயரில் ஆணியை நான்தான் குத்தினேன், அவள் உத்தரவு. மாமா டயரைக் கழற்றி ஓட்டையைக் கண்டுபிடித்தார். பசை ட்யூபை மேசையில் படுக்க வைத்து, உள்ளங்கையை ஊன்றினார். ஒன்றும் வரவில்லை. ஓய்வெடுத்து மறுபடி ஊன்றினார். அலுமினியம் இன்னும் கொஞ்சம் தட்டையானது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை முழு உடம்பையும் சாய்த்தார். சளக்கென்று பசை வந்தது. ஒட்டும் இடத்தில் கொஞ்சம், மேசையில் நிறைய, என் சைக்கிள் சீட்டில் மிச்சம்.

“என்னங்க இது!” அக்கா கத்தியது தெருவுக்கே கேட்டது. “பாதி ட்யூபைக் கொட்டிக் கவுத்துட்டீங்க! எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அடியிலேர்ந்து அமுக்குங்கன்னு! நடுவுல போய் யாராவது அமுக்குவாங்களா? அறிவு வேண்டாம்?”

மாமா பசைக் கையோடு அப்படியே நின்றார். கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

“கேட்டியாம்மா?” என்றார். “திட்டுறா!”