தபால்தலையின் பின்பக்கம்

கோபே நகரில் முராகியின் தபால்தலைக் கடைக்குப் பின்னால் வடக்கு ஜன்னலுள்ள ஒரு சின்ன அறை. அதில் இசோ அக்காவும் நானும் பதினான்கு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பழைய உறைகளின் தபால்தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, உரித்து, காயவைத்து, இனம் பிரிப்பதுதான் வேலை.

ஒரே வரிசைத் தபால்தலைகளை இரண்டு வகைத் தாளில் அச்சிட்டிருந்தார்கள்; படமும் நிறமும் ஒன்றாகவே இருக்கும். 1913இல் அச்சிட்டவை வெறும் வெள்ளைத் தாள். அடுத்த வருடத்திலிருந்து தாளிலேயே சிவப்பும் நீலமுமாகப் பொடி இழைகளைக் கலந்தார்கள், யாரும் கள்ளத்தனமாக அச்சிடக்கூடாதென்று. முன்பக்கம் பலசமயம் மை மூடிவிடும். பின்பக்கம் பார்த்தால்தான் நிச்சயம். எனக்கு அதற்கு லென்ஸ் வேண்டும். அக்கா இடுக்கியால் தூக்கும்போதே கண்டுகொண்டு, வெள்ளைக்கு ஒரு டப்பா, இழைக்கு ஒரு டப்பா என்று போட்டுக்கொண்டே போவாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மட்டும் லீவு எடுப்பாள். அது அவள் அம்மா இறந்த நாள். அக்கா பிறந்த 1913ஆம் வருடமே, அந்தக் குளிர்காலத்திலேயே, அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் பெரியம்மா வளர்த்தாள். வருடந்தவறாமல் அன்று ஊதுபத்தி ஏற்றி, சோறும் ஒரு சின்ன ஆரஞ்சும் படைப்பாள்.

பெரியம்மா இறந்தபின் அவள் அலமாரியில் ஒரு உறையின் கிழிந்த துண்டு கிடைத்தது. கடிதம் இல்லை. உறையை மூடிய இடத்தில் ஒட்டிய மூன்று சென் காசு மதிப்புள்ள தபால்தலை, அதை ஒட்டி ஊதா மையில் அம்மாவின் பெயர். கடைசி எழுத்து தபால்தலைக்கு அடியில் போயிருந்தது. முத்திரையில் தேதி விழவில்லை. அம்மாவின் கையெழுத்தென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

முதலாளி முராகி அதை வாங்கிப் பார்த்தார்.

"வெள்ளைத் தாள்தான் இசோ, பதிமூணாம் வருஷத்துது. ஓரத்துல ஒரு இழைகூட இல்ல. ஊறப்போட்றாத, மை கரைஞ்சிடும். அப்புறம் உன்னைவிடப் பைத்தியம் இந்த ஊர்ல கிடையாது."

"நான் எதுக்கு ஊறப்போடப் போறேன்?" என்றாள் அக்கா.

எனக்கு அன்றே உறுத்தியது. "மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணாதடி நோபு, திருப்பு" என்று என்னைத் தினமும் திட்டுகிறவள் அவள். அந்தத் துண்டை மட்டும் பதினோரு வருடம் திருப்பாமலே வைத்திருந்தாள்.

பிறகு அவள் கண்ணில் புரை விழுந்தது. இழையுள்ளவை வெள்ளை டப்பாவுக்குப் போகத் தொடங்கின. அவள் எழுந்து போகும்போதெல்லாம் நான் எடுத்து மாற்றிப் போட்டேன். ஒருநாள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"கோடையிலேர்ந்துக்கா."

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"வாய்தான் இல்லாதவள்னு நெனச்சேன். கை நல்லாவே திருடுது" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னும் ஆறு மாசம் போனா நானே பாக்க முடியாது, இல்ல?"

மறுநாள் அந்தத் துண்டைக் கொண்டுவந்தாள். நான் வேண்டாமென்று சொல்ல நினைத்து வாயைத் திறப்பதற்குள் தண்ணீரில் போட்டுவிட்டாள். முதலில் பெயரின் ஓரங்கள் தடித்தன. அப்புறம் தட்டு முழுக்க ஊதாவானது. தபால்தலை தானாகப் பிரிந்தது. அதைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. கீழ் மூலையில் மட்டும் கண்ணிமை மயிர்போல வளைந்து ஒன்று.

"சொல்லுடி."

நான் லென்ஸை மறுபடி அதே மூலைக்குக் கொண்டுபோனேன்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்க்கா."

"நீலமா?"

"ஆமாக்கா."

"அப்ப என் கண்ணு இன்னும் சரியாத்தான் இருக்கு."

செத்துப்போனதாகச் சொன்ன அம்மா, அதற்கப்புறமும் உயிரோடிருந்து கடிதம் போட்டிருக்கிறாள். மகளைப் பார்க்க வரவில்லை. ஒருவேளை வந்தும் பெரியம்மா விடவில்லையோ, யாரைக் கேட்பது? அக்கா ஊதாத் தண்ணீரைக் கொட்டினாள். தபால்தலையைக் காயவைத்து, இழை டப்பாவில் மற்றவற்றோடு போட்டாள். எது அதுவென்று இப்போது எனக்கும் தெரியாது.

அந்த டிசம்பர் ஒன்பதாம் தேதி காலை அவள் வேலைக்கு வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு..."

"இன்னிக்கு என்ன? எந்த நாள்னே தெரியாம எதுக்கு லீவு கேக்கறது?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பையிலிருந்து ஒரு சின்ன ஆரஞ்சை எடுத்தாள். உரித்து, பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, மீதியைத் தானே தின்றாள்.