எபுன் ஆன்ட்டியின் மீனவன்

“ரெடியா? ஆக்‌ஷன்!” என்று எபுன் ஆன்ட்டி கத்திய பிறகுதான் ஓவியன் உச்சே பேனாவை எடுக்க வேண்டும். துடுப்புக்குப் பதிலாகத் துடைப்பத்தைப் பிடித்து மீனவனாக நாற்காலி மேல் நிற்கும் கோரெடே, அதுவரை மூக்கைச் சொறிந்துகொள்ளலாம். லேகோஸ் நகரத்தின் சுருலேரே பகுதியில், டயர் கடை மாடியில், எங்கள் காமிக்ஸ் புத்தகம் இப்படித்தான் உருவாகிறது.

ஆன்ட்டி இருபது வருடம் வீடியோ படங்கள் எடுத்தவர். பதிப்பகத்தில் அவருக்குக் கூட்டாளி, பழைய ஒளிப்பதிவாளர் முயிவா அண்ணன். இவர் தரையில் குப்புறப் படுத்து, விரல்களால் கட்டம் கட்டி, “இங்கேருந்து வரைப்பா, ஆளு பனைமரமாட்டம் தெரிவான்” என்பார். பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்து எழுதுபவன் நான். ஆன்ட்டி என்னை ‘சவுண்ட்’ என்றுதான் கூப்பிடுவார்.

பக்கத்துக்குப் பக்கம் மழை கொட்டும். உச்சே சலித்துக்கொண்டால் ஆன்ட்டி விடமாட்டார்: “படத்துல மழை வேணும்னா தண்ணி லாரிக்காரன் கால்ல விழணும். இங்க நாலு கோடு போட்டா முடிஞ்சுது. நல்லாப் பெய்யட்டுமே, உனக்கென்ன?”

இந்த மீனவன் கதை, அவர் பாதியில் விட்ட படம். படப்பிடிப்பின் பன்னிரண்டாம் நாள் கதாநாயகன் வேறு படத்துக்கு ஓடிவிட்டான். காயல் கரையில் போட்ட குடிசைகளை ஆன்ட்டியே நின்று பிரித்தாராம். நான்கு பாகக் கதையில் மூன்று வெளிவந்துவிட்டன. பஸ் நடத்துனர்கள்கூட “ஆன்ட்டி, மீனவன் பொழைச்சானா?” என்று படியில் தொங்கியபடி கேட்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கோரெடே வரவில்லை. தலைநகர் அபுஜாவில் வேலை கிடைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தான். கடைசிப் பாகத்தில் ஒரு பக்கம்தான் பாக்கி; மத்தியானம் அது அச்சுக்குப் போயாக வேண்டும். ஆன்ட்டியின் முகம் சுண்டிவிட்டது.

“ஹீரோ போயிட்டான். காயல்ல மூழ்கிச் செத்துட்டான்னு எழுது, சவுண்ட்.”

நடிகர் வராவிட்டால் பாத்திரத்தைக் கொன்றுவிடுவது வீடியோ படக்காரர்கள் வழக்கம். ஆன்ட்டியே தன் படங்களில் ஐந்தாறு மாமனார்களை பஸ் ஏற்றிக் கொன்றிருக்கிறார். நானும் புத்தி கெட்டுப்போய்ப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

உச்சே திகைத்துப்போனான். “ஆன்ட்டி, இது நாம வரையற படம். அவன் எதுக்கு வரணும்?”

“நடிகன் இல்லாம ஷூட்டிங்கா? உனக்கென்ன பைத்தியமாடா?”

“மூணு பாகமா அந்த மூஞ்சியத்தானே வரைஞ்சுட்டு இருக்கேன்? கோரெடே எங்க வேணாப் போகட்டும் ஆன்ட்டி. நம்ம மீனவன் நம்மள விட்டு எங்க போவான்?”

உச்சே யாரையும் கேட்காமல் தாளை இழுத்து வரையத் தொடங்கினான். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மீனவன் காயலிலிருந்து எழுந்தான். தலையிலிருந்து நீர் வழிந்தது. நெற்றி பிளந்திருந்தது. முயிவா அண்ணன்கூட விரல் கட்டத்தைக் கலைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஆன்ட்டி உச்சேக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, மை காயாத அந்த நெற்றிக் காயத்தின் மேல், விழுந்து வந்த பிள்ளைக்கு ஊதுவது போல, மெல்ல ஊதினார்.