இரண்டு டெக்கும் ஒரு நாற்காலியும்

கல்யாணக் கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்த பாவிகளே, அதை வெட்டி ஒட்டிய பாவி நான். எண்பதுகளின் கடைசியில் கடத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே என் வீடியோ கடை. இரண்டு டெக், நடுவில் ஒரு ஒயர். ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் பதியும். எடிட்டிங் என்றால் அவ்வளவுதான்.

தரையில் ஒரு கல்யாணம்

பதிந்த பிறகு நடுவில் எதையும் செருக முடியாது. அதனால் மிஞ்சிய அழைப்பிதழ்களின் முதுகில் காட்சிக்கு ஒரு படம் கிறுக்கி, வரிசையாகத் தரையில் பரப்பிக்கொள்வேன். ஆரோக்கியம் அக்கா மகளின் கல்யாணத்தை அப்படிப் பரப்பியிருந்தபோது அக்காவே வந்தார். வேர்க்கிறதென்று ஃபேனைப் போட்டார், அட்டையெல்லாம் பறந்து இடம் மாறியது. தாலி கட்டுமுன்பே பொண்ணு அழுதுகொண்டு காரேறிவிட்டாள். மாதா கோயில் மணி பந்தியில் போய் விழுந்தது. நான் தவழ்ந்து பொறுக்க, அக்கா ஒவ்வொரு அட்டையாக வாங்கிப் பார்த்தார். லீவு கிடைக்காமல் மஸ்கட்டில் மாட்டிக்கொண்ட அவர் அண்ணனுக்குத்தான் அந்தக் கேசட் போக வேண்டும்.

"இதுல எங்கண்ணன் எங்கீங்க தம்பி?"

ஆளில்லாத நாற்காலி

அந்தக் கேள்வி அப்போது எனக்கு உறைக்கவில்லை. முடித்த கேசட்டைப் பார்த்துவிட்டு அக்கா திரும்பி வந்தபோதுதான் விளங்கியது. தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா என்று, கோயிலில் முன்வரிசையில் அவருக்கென ஒரு நாற்காலி போட்டு, அதில் துண்டு மடித்து வைத்திருக்கிறார்கள். காமிராக்காரர் அதையும் எடுத்திருந்தார். ஆளில்லாத நாற்காலி எதற்கென்று நான் விட்டுவிட்டேன். அதற்குள் மூலக் கேசட்டின் மேல் வேறொரு கல்யாணம் பதிந்தாகிவிட்டது. வால் பகுதியில் நாற்காலி மட்டும் தப்பியிருந்தது. அதைச் சேர்க்க வேண்டுமானால் முடித்த கேசட்டையே மறுபடி நகல் எடுக்க வேண்டும், நகலுக்கு நகல் என்றால் முகமெல்லாம் மங்கிப்போகும் என்றேன்.

"நாங்க மங்குனா மங்கிட்டுப் போறோங்க தம்பி. அவரு பாக்கறப்ப அவரு எடம் இருக்கணும்."

வைகாசியில் பனி

மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு நகல் எடுத்தேன். வெள்ளைச் சேலையில் வந்த பொண்ணு ஜன்னல் வெளிச்சத்தில் கரைந்தாள். சாமியார் கையைத் தூக்கினால் பின்னாலேயே இன்னொரு மங்கல் கை எழுந்தது. வைகாசி வெயிலில் நடந்த கல்யாணம் மார்கழி விடியலுக்குள் போய்விட்டது. நாற்காலி மட்டும் மூலக் கேசட்டிலிருந்து நேராக வந்ததால், துண்டின் கரைகூடத் தெரிந்தது. டீ ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே எழுந்து அந்தக் கல்யாணத்துக்குப் போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த வருஷம் லீவில் வந்த அந்த அண்ணன், மொரப்பூரில் ரயில் இறங்கி, பெட்டியோடு நேராக என் கடைக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் பனிக்குள்ள நிக்கறாங்க, ஒரு மூஞ்சியும் தெரியலீங்க. என் சேரு மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. ரூம்ல கேசட்ட ஓடவிட்டுட்டு, கண்ண மூடி அதுல போய் ஒக்காந்துக்குவனுங்க."

எத்தனையோ கல்யாணங்களை வெட்டி ஒட்டினேன். என் கேசட்டில் துல்லியமாகத் தெரிந்த ஒரே சொந்தக்காரர், கல்யாணத்துக்கு வராத இவர்தான்.